காலையில் வேலைக்குப் போகிறேனா, இடம் பிடிக்கப் போகிறேனா?

அன்னூரில் பஸ் ஏறி, கோவில்பாளையத்துக் கூட்டத்தில் நசுங்கி, சரவணம்பட்டியில் இறங்குகிறேன். 10 வருஷமாக இதே பாடுதான், ஒருநாளும் குறைப்பட்டதில்லை. ஆனால் 3 மாதமாக ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. உள்ளே எனக்கு உட்கார இடம் இல்லை.

எங்கள் மாடியில் 120 பேர். மேசை இப்போது 74. இனி யாருக்கும் சொந்த மேசை கிடையாது, செய்கிற வேலைக்குத் தகுந்த இடத்தில் போய் உட்காரலாம் என்று மீட்டிங் போட்டுச் சொன்னார்கள். சரி என்றுதான் நானும் நினைத்தேன். ராத்திரி 8 மணிக்கு ஆப் திறக்கும், மறுநாள் மேசையை அதில் பிடிக்க வேண்டும். 8 மணிக்கு நான் அடுப்படியில் நிற்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பதற்குள் நல்ல மேசை எல்லாம் போயிருக்கும். மிச்சம் இருப்பது கேன்டீன் ஓரத்து நீள மேசை. மிக்சி ஓடினால் போனில் பேசுவது எதுவும் காதில் விழாது.

நான் பார்ப்பது சம்பளக் கணக்கு. மாசக் கடைசியில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பிடித்தம் என்று அத்தனை பேருடைய விவரமும் திரையில் விரிந்து கிடக்கும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடக்கிற இடத்தில் அதை எப்படித் திறப்பேன்? போன மாதம் ஒரு தம்பி பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அக்கா, அவனுக்கு என்னைவிட இவ்வளவு அதிகமா?" என்று கேட்டேவிட்டான். லேப்டாப்பை மூடிவிட்டேன். மீதிக் கணக்கை வீட்டில் நடுராத்திரி வரை உட்கார்ந்து முடித்தேன்.

இந்த முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1990-களில் நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்தில், இன்டர்போலிஸ் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி எரிக் வெல்ட்ஹூன் என்ற ஆலோசகரை வைத்து இதைச் செய்தது. தனியாக யோசிக்க ஓர் இடம், கூடிப் பேச ஓர் இடம் என்று விதவிதமான இடங்களை உண்டாக்குவதுதான் அதன் உயிர். எங்கள் ஆபீஸ் எடுத்துக்கொண்டது மேசையைக் குறைக்கிற பாதியை மட்டும். 120 பேருக்கு போன் பேச 2 அறை. சத்தமில்லாத அறை ஒன்றுகூட இல்லை. 1994-இல் அமெரிக்காவில் சியாட் டே என்ற விளம்பர நிறுவனம் இப்படித்தான் மேசைகளை எடுத்தது. ஆட்கள் ஃபைல்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள், சில வருஷத்தில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். எனக்குக் காரும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றுகிறேன்.

டீ கொண்டுவரும் அக்கா, "ஏங்கண்ணு, உன்னைய எங்கீன்னு தேடறது, டீ ஆறியே போச்சு" என்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டிருந்த புதுப் பெண் இப்போது எந்த மூலையில் இருக்கிறாள் என்றே தெரிவதில்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டால் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை மெசேஜில் அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் தப்பாகப் போட்டுவிடுகிறாள். அதையும் நான்தான் திருத்துகிறேன். இதையெல்லாம் அறிவித்த பெரியவர்களின் அறைக் கதவில் மட்டும் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மாசக் கடைசி 5 நாளாவது, பின்னால் சுவர் இருக்கிற ஒரு மேசையைச் சம்பளக் கணக்குக்கு ஒதுக்குங்கள் என்று 3 தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். "உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேட்பாங்க" என்கிறார்கள். கேட்கட்டும். தேவை இருக்கிறவர்களுக்கு எல்லாம் கொடுங்கள்.