வாய் இடப்பக்கம் இருந்தால் ஃபைசாதானா?
ஃபைசா என்ற நன்னீர் நத்தையை அடையாளம் காண்பது பற்றிய இந்தக் கட்டுரை, ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிக்கும்போது அந்த வாய் இடப்பக்கம் இருந்தால் அது ஃபைசாதான் என்று முடித்துவிடுகிறது, அது சரியில்லை. மனிதருக்கு நோய் தரும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கும் புலினஸ் நத்தைக்கும் வாய் இடப்பக்கம்தான், வெறும் ஓடுகளை வைத்து நானே இரண்டையும் குழப்பியிருக்கிறேன். உயிருள்ள ஃபைசாவைக் கண்ணாடிக் குவளையில் விட்டு, அது தலையை நீட்டி ஊரும்வரை காத்திருந்து லென்ஸில் பாருங்கள், மேன்டிலின் (உடலைப் போர்த்தியிருக்கும் சதைமடிப்பின்) ஓரம் விரல் விரலாக ஓட்டின்மேல் படிந்திருக்கும். புலினஸுக்கு அந்த விரல்கள் கிடையாது, இரத்தமும் ஹீமோகுளோபினால் சிவப்பு, ஃபைசாவுக்கோ நிறமே இல்லை. உணர்கொம்பு தட்டையான முக்கோணமாக இருந்தால் அது லிம்னியா என்ற வேறொரு நத்தை. அப்புறம், ஃபைசாவை அடையாளம் காண ஓட்டின் நீள அகலத்தை அளந்தாலே போதும் என்று மேலே கருத்துப்பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். நத்தை தின்னும் மீனின் வாடை தண்ணீரில் இருந்தாலே ஃபைசா அக்யூட்டா என்ற இனம் தன் ஓட்டை உருண்டையாக வளர்த்துக்கொள்ளும், அப்போது அந்த அளவை எப்படி நம்புவது?