ஒரு போனில் போட்டால் வீடு முழுக்க வராது

அண்ணா, யூடியூபில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோடை அப்பா போனில் ஒருமுறை போட்டால் வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் டிவியிலும் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அந்தந்தக் கருவியில் தனியாகப் போட வேண்டும்; கணினியில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் இருந்தால் இரண்டிலும். (பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கவனிக்க உதவும் கூகுள் ஆப்பான ஃபேமிலி லிங்க் வழியாகப் பிள்ளையின் கணக்கில் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு, அது கணக்கோடு போகும்.)

சோதிப்பது சுலபம். இந்த மோடு இருந்தால் வீடியோவுக்குக் கீழே கமெண்ட் எதுவும் தெரியாது. பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் என் போனில் கமெண்ட் இல்லை. பாட்டி போனில் அதே வீடியோவைத் திறந்தால் ‘சூப்பர் ப்ரோ’ வரிசைகட்டி நிற்கிறது. பையன் கெஞ்சி வாங்குவதும் பாட்டி போனைத்தான்! அதில் யூடியூப் செட்டிங்ஸ், அப்புறம் ஜெனரல் போய்ப் பாருங்கள்.