இருபது என்றுதான் போட்டிருக்கிறதாம்

கைப்பேசியில் காற்றுக்கு ஒற்றை எண் போடுகிறவர்களை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கள் படகின் முன்முனையில் உட்கார வைக்க வேண்டும். 'காற்று: மணிக்கு 20 கி.மீ.' அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு மேகம், அதன் பின்னால் பாதி எட்டிப்பார்க்கும் சூரியன். இந்தப் பொம்மைப் படத்தை நம்பித்தான், பதினாறு ஆண்டுகளாக என் பேச்சை ஒருமுறைகூட நம்பாத மனிதர், அக்கரை கண்ணுக்குத் தெரியாத ஏரிக்குள் பாய்மரப் படகை விடுகிறார்.

"இருபதுதான் போட்டிருக்கிறது. அருமையான காற்று" என்றார். காலையில் அருமையாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பத்து மணிக்கு வியர்த்தது. பதினொன்றுக்குத் தூறல். மழையங்கியை மாட்டினேன், மாட்டி முடிப்பதற்குள் வெயில். கழற்றினேன், மறுபடியும் தூறல். நான்காவது முறை கழற்றவே இல்லை, உள்ளே வெந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அந்தத் திரையில் அதே மேகம், அதே அரைச் சூரியன்.

அந்த இருபது எந்த இடத்துக்கான இருபது என்று யாராவது கேட்டோமா? கரையில் இருக்கும் ஊருக்கான எண் அது. மரமும் கட்டடமும் தடுத்து, களைத்துப்போய் வந்து சேரும் காற்று. தண்ணீரின் மேல் அதைத் தடுக்க என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு அது பத்து மீட்டர் உயரத்துக்கான, பத்து நிமிடச் சராசரிக் கணக்கு. சராசரி! ஐந்து நிமிடம் மூச்சே விடாமல் கிடந்துவிட்டு அடுத்த ஐந்து நிமிடம் நாற்பதில் அடித்தாலும் சராசரி இருபதுதான். நாற்பதில் பாயின் மேல் விழும் அடி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது காற்றின் அழுத்தம். படகைச் சாய்ப்பது அந்த ஐந்து நிமிடம்தான், சராசரி அல்ல.

இது தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் முன்னறிவிப்போடு, திடீர் வீச்சு சராசரியைவிட 40 சதவீதம் வரை கூடலாம், அலை அறிவித்த உயரத்தைப்போல் இரண்டு மடங்கு வரை எழலாம் என்று வெளிப்படையாக எழுதியே வைக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் கரை கொண்ட போடன்சே ஏரியில் இன்னும் எளிது. கரை நெடுக ஆரஞ்சு விளக்குகள். நிமிடத்துக்கு 40 முறை சிமிட்டினால் பலத்த காற்று வரப்போகிறது, 90 முறை சிமிட்டினால் புயல் காற்று. எண்ணும் இல்லை, பொம்மையும் இல்லை. எத்தனை அவசரம் என்று விளக்கின் துடிப்பே சொல்லிவிடும். இத்தாலியின் கார்தா ஏரியில் நல்ல நாளில் காலைக் காற்று வடக்கிலிருந்து வரும், மதியக் காற்று தெற்கிலிருந்து வரும். முன்னதற்குப் பெலேர், பின்னதற்கு ஓரா என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். ஏரியோடு வாழ்கிறவர்கள் காற்றுக்குப் பெயர் வைக்கிறார்கள். நாம் அதற்கு ஒரு எண் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

மதியம் இரண்டு மணி வாக்கில் காற்று செத்துப்போனது. பாய் துவண்டு தொங்கியது. அடிக்கழியின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்து நிதானமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் ஒன்று அடியில் மசி பூசியதுபோல் கறுத்திருந்தது. பிடரியில் சில்லென்று ஒரு காற்று தொட்டுவிட்டுப் போனது. ஈயைக் காணோம். மழை மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தண்ணீரில் மோதிப் பக்கவாட்டில் பரவும். பல நேரம் மழைக்கு முன்பே நம்மிடம் வந்து நிற்கும். தூரத்துத் தண்ணீரில் கறுப்பாக ஒரு கோடு எங்களை நோக்கி அகலமாகிக்கொண்டே வந்தது.

"பாயைச் சுருக்கிவிடலாமா?" என்று கேட்டேன்.

"எதற்கு? காற்றே இல்லையே" என்றார்.

"அங்கே பாருங்கள்."

அவர் எங்கே பார்த்தார் தெரியுமா? கைப்பேசியை. "மூன்று மணிக்கும் இருபதுதான். நீ சும்மா பயப்படுகிறாய்."

பாயைச் சுருக்கலாமா என்று மனதில் தோன்றும் நொடியே சுருக்க வேண்டிய நொடி. படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற எவரும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. காற்று இல்லாதபோது சுருக்கினால் இரண்டு நிமிட வேலை. வந்த பிறகு சுருக்குவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வழிகிறது. படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினால் பாய் சாட்டையாக அடிக்கிறது. ஈரக் கயிறு பாதியில் சிக்கிக்கொண்டு இறங்க மறுக்கிறது. இழுத்ததில் என் உள்ளங்கை உரிந்தது. நான் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு முடிச்சோடு மல்லுக்கட்ட, சுக்கானை ஒரு கையால் பிடித்திருந்தவர் மறு கையில் திரையைத் துடைத்து என்னிடம் நீட்டுகிறார். "இதில் இருபது என்றுதான் போட்டிருக்கிறது!"

யாரிடம் முறையிடுகிறார்? காற்றிடமா?

கரையில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது: "ஏரிதானே." கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. கடலில் நெடிய அலைக்கு ஏறி இறங்கவாவது நேரம் கிடைக்கும். ஏரியில் அலை குட்டை, செங்குத்து, ஒன்று முதுகில் இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில். ஆழம் குறைந்த ஏரி என்றால் இன்னும் மோசம். வட அமெரிக்காவில், சராசரி 19 மீட்டர் ஆழமே உள்ள ஈரி ஏரி அதற்குப் பேர்போனது. அங்கேயே உள்ள சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் புயலில் மூழ்கி, அதில் இருந்த 29 பேரும் இறந்தார்கள். 222 மீட்டர் நீளக் கப்பல். அதுவும் ஏரிதான்.

எங்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல். கரைக்குத் திரும்பும்போது வெயில் அடித்தது, தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது, பார்த்தவர்கள் எல்லோரும் "நல்ல நாளாகப் பார்த்துப் போனீர்கள்" என்றார்கள்.

படகைக் கட்டிவிட்டு இவர் மறுபடியும் கைப்பேசியை எடுத்தார். காலையிலிருந்து மூன்று மணிக்கு 'இருபது' என்று உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது 'நாற்பது' என்று இருந்தது. பொம்மைச் சூரியனைக் காணோம். மேகமும் மின்னலும் வந்து உட்கார்ந்திருந்தன. எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், காலையில் என்ன சொன்னோம் என்ற சுவடே இல்லை. முதலிலிருந்தே அப்படித்தான் சொன்னதுபோல ஒரு முகம்.

"பார்த்தாயா," என்றார் திரையை என் பக்கம் திருப்பி, "சரியாகத்தானே போட்டிருக்கிறது."

நான் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.