பாட்டை முழுசாக ஓட விட்டிருக்கலாம்

சனிக்கிழமை நம் மாதாந்திர இசை கேட்கும் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். கனடிய சாக்ஸபோன் கலைஞர் ஜேன் பனெட்டும் கியூபாவின் டெசான்டான் பாடகர் குழுவும் சேர்ந்து செய்த பாட்டைப் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை. நம் கூட்டத்து நண்பர் ஒருவர் நிறுத்திவிட்டு, "இது ஜாஸும் இல்லை, கியூப இசையும் இல்லை, கலப்படம்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள்.

கலப்படமாம். 1791இல் ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, தோட்ட முதலாளிகள் அகப்பட்ட அடிமைகளையும் இழுத்துக்கொண்டு கிழக்குக் கியூபாவுக்கு ஓடினார்கள். 1809இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கறுப்பரும் வெள்ளையருமாக 9,000 பேருக்கு மேல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் போய் இறங்கினார்கள். ஊர் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஜாஸ் பிறந்த அதே ஊர்! பிரிந்துபோன பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் கலப்படமா?

டெசான்டான் பாடகர்கள் கியூபாவின் கமாகுவேய் நகரத்துக்காரர்கள். கரும்பு வெட்டப் போனவர்கள் உட்பட, கியூபாவில் குடியேறிய ஹெய்ட்டியர்களின் வாரிசுகள். 1930களில் சர்க்கரைத் தொழில் படுத்ததும் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து ஹெய்ட்டிக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். தங்கிவிட்டவர்கள் வீட்டுக்குள் காப்பாற்றி வைத்த, ஹெய்ட்டியின் கிரியோல் மொழியில்தான் 1994இலிருந்து இவர்கள் பாடுகிறார்கள்.

டொராண்டோவில் என்னோடு இரவு வேலை பார்த்த ஒரு ஹெய்ட்டிக்காரர் என் காரில் இவர்கள் பாட்டைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கீழ்ச்சுரத்தில் தானும் சேர்ந்துகொண்டார், டாஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே. பாடுவது கியூபாக்காரர்கள் என்றேன். "சும்மா சொல்லாதே" என்றார். அவருக்கு இது கலப்படமாகப் படவில்லை. நமக்குப் படுகிறது!

"வெள்ளைக்காரி கறுப்பர் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள்" என்று ஒருவர் வருவார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பனெட் 1980களிலிருந்து கியூபா போய்வருகிறவர். 1991இல் பதிவான ஆல்பத்தில், ஆப்ரோ-கியூபப் பாட்டுக்குப் பெயர்பெற்ற கியூபப் பாடகி மெர்செடிடாஸ் வால்டேஸையே பாட வைத்தவர். இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டால் பேசலாம். சில இடங்களில் சாக்ஸபோன் குரல்களை அமுக்குகிறது என்பீர்கள். சரி, அமுக்குகிறது. அதனால் என்ன?

1947இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு நியூயார்க்கின் கார்னகி ஹாலில் கியூபக் கலைஞர் சானோ போஸோ கொங்கா மேளம் வாசித்தார், ஆப்ரோ-கியூப மந்திரங்களையும் பாடினார். அதைச் சொல்லும்போது நம் நண்பருக்குக் குரல் தழுதழுக்கும். அது வரலாறு. ஒரு பெண் சோப்ரானோ சாக்ஸபோனோடு வந்தால் மட்டும் தூய்மை கெட்டுவிடுகிறது.

போன தடவை நான் போட்டதையும் இவர்தான் பாதியில் நிறுத்தினார். அவர் போடுவதை ஒரு தடவையாவது யாராவது நிறுத்தியிருக்கிறோமா? இருபது நிமிஷ டிரம் சோலோவை எல்லாம் வாய் மூடிக் கேட்டோமே!

இன்னொன்று. அங்கே பாடுகிற ஸ்பீக்கர் என்னுடையது. அடுத்த மாதத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.