கொட்டகைக் கதவு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பகலில் வலை பழுது பார்ப்பார்கள், போட்டுக்கு பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ராத்திரிதான் நீளம். கடலிலேயே தூங்கிப் பழகியவனுக்கு வீட்டில் சீக்கிரம் கண் மூடாது.

இந்தத் தடைக்காலத்தில் என் தம்பி வீட்டு மொட்டைமாடியில், அவனோடு தொழிலுக்குப் போகிற பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து 'தி வாக்கிங் டெட்' என்கிற அமெரிக்கத் தொடரை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்கள். செத்தவர்கள் பிணமாகவே எழுந்து நடமாடி, உயிரோடிருப்பவர்களைக் கடிக்க வருகிற கதை. தம்பி என்றால் சித்தப்பா மகன். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். 2011-இல் பென் டிரைவில் வாங்கிப் பார்த்த தொடர்தான். ஆனாலும் இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடு வந்த ராத்திரியிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பார்க்காதவர்கள், இனிமேல் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன்.

ஷேன் என்கிறவன் ஒரு பண்ணைக் கிழவரின் கொட்டகைப் பூட்டை உடைத்தபோது மாடியில் ஒரே விசில். ஒரு பையன் சொன்னான்: "ஷேன்தான்ணா கரெக்ட்டு. அந்தக் கெழவனுக்கு மூளை கலங்கிப்போச்சு." இதே வார்த்தையைப் பதினாலு வருடமாக எத்தனையோ பேர் வாயில் கேட்டுவிட்டேன். கிழவர் ஹெர்ஷல் முட்டாள், ஷேன் விவரமானவன், இப்படித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. அந்தக் கிழவர் முட்டாளே இல்லை. அவர் காத்திருந்தார். காத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அது பார்த்ததும் தெரியும்.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரிக் தலைமையில் ஒரு கூட்டம் உயிர் பிழைத்து அலைகிறது; ஷேன், கரோல், க்ளென், டேல், டேரில் எல்லாம் அதில் இருப்பவர்கள். சீசனின் முதல் எபிசோடிலேயே, நெடுஞ்சாலையில் பிணக்கூட்டம் கடந்துபோகும்போது, கரோலின் மகள் சோஃபியா பயந்து காட்டுக்குள் ஓடிவிடுகிறாள். பின்னாலேயே ஓடின ரிக் அவளை ஓர் இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, துரத்தி வந்த இரண்டு பிணங்களை வேறு பக்கம் இழுத்துப் போகிறான். திரும்பி வந்து பார்த்தால் பெண் இல்லை. அன்றிலிருந்து தேடல். தேடுகிற இடத்தில்தான் ஹெர்ஷலின் பண்ணை வருகிறது. அந்தப் பண்ணைக் கொட்டகைக்குள் கிழவர் பிணங்களை அடைத்து வைத்திருக்கிறார். அவருடைய மனைவி, மனைவியின் மகன், அக்கம்பக்கத்து ஆட்கள். அவரைப் பொறுத்தவரை அவர்கள் சாகவில்லை, நோயாளிகள். ஒருநாள் மருந்து வரும். அதுவரை கோழிகளை உள்ளே போட்டுப் பசியாற்றி வைக்க வேண்டும்.

ஏழாவது எபிசோடு அமெரிக்காவில் ஒளிபரப்பானது 2011 நவம்பர் 27-ஆம் தேதி. தொடங்கியதுமே காலைச் சாப்பாட்டு நேரத்தில் க்ளென் உளறிவிடுகிறான்: கொட்டகை முழுக்க பிணங்கள். அங்கிருந்து கடைசி ஐந்து நிமிடம் வரைக்கும் யாரும் யாரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை. வெறும் பேச்சு. ரிக் கிழவரிடம் கெஞ்சுகிறான், மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், எங்களை இங்கிருந்து அனுப்பிவிடாதீர்கள் என்று. டேல் துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் சதுப்பில் ஒளிக்கப் பார்க்கிறார். ஷேன் பின்னாலேயே போய் வாங்கிவிடுகிறான். பேசப் பேச நமக்கு மூச்சு முட்டுகிறது. கதவு அங்கேயே இருக்கிறது, பூட்டு அங்கேயே தொங்குகிறது, உள்ளே உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பயமுறுத்த வேண்டும் என்றால் ரத்தம் தேவையில்லை, பூட்டின கதவு ஒன்று போதும் என்பதை இந்த எபிசோடு மாதிரி வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது என் வீட்டுக் கதை.

1994 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னைப் பக்கம் புயல் கரையைக் கடந்தது. சித்தப்பா அதற்கு முன்பே தொழிலுக்குப் போயிருந்தார். நாலு பேர் போன போட். போட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது.

ஆயா, அதாவது அப்பாவையும் சித்தப்பாவையும் பெற்றவள், அதை ஒருநாளும் சாவு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பாட்டில் சித்தப்பா தட்டில் சோறு வைத்து மூடி வைப்பாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவளே பழையதாகச் சாப்பிடுவாள். தெருக்கதவைத் தாழ் போட விடமாட்டாள். "அவன் நடுராத்திரில வந்தா கதவத் தட்டமாட்டான்டா, எல்லாரும் தூங்குறாங்கன்னு வெளியவே படுத்துக்குவான்" என்பாள். அந்தத் தெருவில், அந்த நாளில், கதவு வெறுமனே சாத்தியிருக்கும், நாங்கள் உள்ளே படுத்திருப்போம். விடிகாலையில் கரைக்குப் போய் ஏலம் விடுகிற பெரியவரிடம் ஏதாவது சேதி உண்டா என்று கேட்பாள். அவரும் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல், "இன்னும் ஒண்ணும் தெரியலம்மா, ஆந்திரா பக்கம் கேக்கச் சொல்லியிருக்கேன்" என்பார். மூன்று வருடம் ஆன பிறகும் அதே பதில்தான் சொன்னார்.

ஆயாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். சரி, கலங்கிவிட்டதா? கடலில் காணாமல் போவது என்றால் என்ன என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். காற்றும் நீரோட்டமும் ஒரு போட்டை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போய்விடும். 2020-இல் காசிமேட்டிலிருந்து போன ஒரு போட் ஐம்பது நாளுக்கு மேல் காணாமல் போய், கடைசியில் மியான்மர் கடற்படை கண்டெடுத்தது ஞாபகம் இருக்கும். ஜூலையில் போனவர்கள், சேதி வந்தது செப்டம்பரில். நாற்பதாவது நாளில் அந்த வீட்டுப் பெண்களிடம் போய் "இன்னும் எதுக்கு நம்பிக்கை" என்று கேட்டிருந்தால் அது விவரமான கேள்வியா? செப்டம்பர் வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது. ஆயாவுக்கு அந்தச் செப்டம்பர் வரவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெர்ஷலை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். ரிக் கூட்டத்துக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் சீசனின் கடைசி எபிசோடில், நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில், டாக்டர் ஜென்னர் தன் மனைவியின் மூளை ஸ்கேனைப் போட்டுக் காட்டுவார். செத்த பிறகு மூளைத் தண்டு மட்டும் மறுபடி விழிக்கிறது, ஆளை ஆளாக்குகிற மற்ற பகுதி முழுக்க இருட்டாகவே கிடக்கிறது. அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். கிழவர் பார்க்கவில்லை. பண்ணையைத் தாண்டி உலகம் என்ன ஆனது என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நடமாடுகிற மனைவி. கையில் சாட்சி இல்லாத ஒருவரை, சாட்சியைப் பார்த்த நாம் சோபாவில் உட்கார்ந்துகொண்டு முட்டாள் என்கிறோம்.

எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு காட்சி இருக்கிறது. சதுப்பில் சிக்கிய இரண்டு பிணங்களைப் பிடித்து வரக் கிழவர் ரிக்கை அழைத்துப் போகிறார். நீளமான கோல், நுனியில் சுருக்கு. ரிக்குக்கு நன்றாகத் தெரியும் அது பிணம் என்று. ஆனாலும் ஒரு கோலை அவன் பிடித்துக்கொள்கிறான். இடம் கொடுக்கிறவரிடம் காரியம் ஆக வேண்டும் என்பதும் இருக்கலாம். எனக்கு அதைப் பார்க்கும்போது ஏலக்கடைப் பெரியவர் முகம்தான் வருகிறது. தெரிந்தே, அந்தக் கிழவிக்காக, கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

அந்த நேரத்தில்தான் ஷேன் வருகிறான். கிழவர் கோலில் பிடித்திருக்கிற பிணத்தின் நெஞ்சில் சுடுகிறான், சுட்டுக்கொண்டே கேட்கிறான், உயிருள்ள ஆள் என்றால் இதைத் தாங்குமா என்று. பிறகு தலையில். கிழவர் மண்டியிட்டுச் சரிந்துவிடுகிறார். அப்புறம் பூட்டு உடைகிறது, ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, வரிசையாக நின்று சுட்டுத் தள்ளுகிறார்கள். ஒரு மனிதனுடைய மனைவியை, அவன் பிள்ளைகளின் கண்ணெதிரே.

ஷேன் சொன்னது உண்மை. அதை நான் மறுக்கவே மாட்டேன். குழந்தைகள் படுத்து எழுகிற இடத்துக்கு நூறடியில் அத்தனை பிணங்களை வைத்திருக்க முடியாது, கதவு என்றைக்காவது திறந்தாக வேண்டும். ஆனால் ஷேன் திறந்தது கிழவருக்கு உண்மை புரிய வேண்டும் என்றா? தான் ஜெயிக்க வேண்டும் என்று திறந்தான். ரிக் பேசிக்கொண்டிருந்தது முடிவதற்குள், எல்லோரும் பார்க்கிற இடத்தில் செய்ய வேண்டும் என்று செய்தான். உண்மை கையில் இருப்பவன் அதை எப்படி வேண்டுமானாலும் ஒருவர் முகத்தில் எறியலாம் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். விசில் அடித்த பையன்களிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன், அன்றைக்கு வாய் வரவில்லை.

என் வீட்டிலும் அந்தப் பூட்டு உடைந்தது. உடைத்தது அப்பா. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சித்தி இரண்டு வயதுப் பிள்ளையோடு நின்றவள். ஆள் செத்ததற்குக் காகிதம் இருந்தால்தான் எதையும் கேட்கவே முடியும். ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும், அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. அந்த ஏழு வருடத்தை சித்தி மீன் கூடை தூக்கித்தான் ஓட்டினாள், கல்மண்டபம் வரைக்கும் நடந்தே. 2001 கடைசியில் ஏழு வருடம் முடிந்தது. தாயும் வாரிசு, ஆயாவின் கைநாட்டு வேண்டும். ஆயா விரலை நீட்ட மறுத்துவிட்டாள். ஒருமாதம் பேசிப் பார்த்தார் அப்பா. கடைசியில் ஒரு சாயங்காலம், சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரத்தில், கையில் மாலையோடு வந்து சித்தப்பா படத்துக்குப் போட்டார். "செத்துட்டான்மா. என் தம்பி செத்துட்டான். எனக்கு மட்டும் வலிக்காதா?" என்று கத்தினார். ஆயா தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே போட்டுவிடவில்லை. மெதுவாக மறுபடி அலமாரியில் வைத்தாள். மறுநாள் விரலை நீட்டினாள். காகிதம் வந்தது, சித்திக்கு அது தேவைப்பட்டது, அப்பா செய்தது சரி. ஆயா அதற்கப்புறம் அப்பாவோடு பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

மாடியில் எபிசோடு இன்னும் முடியவில்லை. எல்லாம் விழுந்து ஓய்ந்த பிறகு உள்ளிருந்து இன்னொரு சத்தம். கடைசியாக ஒன்று மெல்ல வெளியே வருகிறது. சோஃபியா. இத்தனை நாள் காடெல்லாம் தேடின பெண், சாப்பிட்டுத் தூங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே அடைபட்டுக் கிடந்திருக்கிறாள். காமிக்ஸில் சோஃபியா சாகவில்லை, அதைப் படித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு 2011-இல் விழுந்த அடி இன்னும் பெரிது. கரோல் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறாள், டேரில் பிடித்துக் கீழே அமுக்கிக்கொள்கிறான். அவ்வளவு பேசின ஷேன் துப்பாக்கியோடு அப்படியே நிற்கிறான். நோயாளி இல்லை, பிணம், தலையில் சுடு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். தெரிந்த முகமாக வந்ததும் கை வரவில்லை. ஒரு நிமிடம் எல்லோருமே ஹெர்ஷலாகிவிடுகிறார்கள். கடைசியில் ரிக்தான் நடந்து போகிறான். தொலைத்தவன் அவன்.

முதல் தடவை பார்த்தபோது யார் வருவார் என்று தெரியாமல் பதறினேன். இந்தத் தடவை தெரிந்தே பார்த்தேன். அது இன்னும் கொடுமை. ஒவ்வொரு பிணம் விழும்போதும் இதோடு நிற்கட்டும், இதோடு கதவு சாத்திக்கொள்ளட்டும் என்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி இல்லை. மாடிச் சுவர் ஓரமாகத் துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். பையன்களும் விசில் அடிக்கவில்லை. பக்கத்தில் போனேன். "ணா, அந்தம்மாவுக்குத் திரும்பிக் கிடச்சுதுல்ல" என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த எபிசோடில் சோஃபியாவைப் புதைக்கிறார்கள். கரோல் போவதில்லை. அது என் பெண் இல்லை, என் பெண் எப்போதோ போய்விட்டாள் என்கிறாள். நிறைய பேர் அந்தக் காட்சியைக் கல்நெஞ்சம் என்றார்கள்.

சித்தப்பாவுக்கு முதல் படையல் போட்ட அன்று வஞ்சிரம் வறுத்து, அவருக்குப் பிடித்த காரப்பொடிக் குழம்பு வைத்து, இலை போட்டார்கள். ஆயா உள்ளே வரவில்லை. வாசற்படியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கூப்பிடப் போன என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையில் கொஞ்சம் நெத்திலியை அள்ளிக் கொடுத்தாள். அன்று ராத்திரியும் அவள் எழுந்து போய்க் கதவின் தாழை எடுத்துவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.