கதாநாயகியின் சம்பளம் எவ்வளவு?

இளம்பெண்களின் காதலையும் திருமணத்தையும் சொல்லும் குடும்ப நாவல்களைப் பள்ளி நாள்களிலிருந்தே வாசித்து வருகிறேன். லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்த ரமணிசந்திரன் முதல், இன்று பிரதிலிபி செயலியிலும் கிண்டிலிலும் வரும் தொடர்கள் வரை அந்த வாசிப்பு நீள்கிறது. இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பகலெல்லாம் பிறருக்காக உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பெண்ணின் வாசிப்பு மதிப்புக்குரியது. அந்த மதிப்போடுதான் எனக்குள்ள மனக்குறையையும் சொல்கிறேன்: நம் கதாநாயகிகள் வேலைக்குப் போகிறார்கள், ஆனால் அவர்கள் வேலை செய்வதை நாம் பார்ப்பதேயில்லை.

நேர்காணலுக்குப் போகிறாள், எம்.டி. நாற்காலியில் நாயகன் அமர்ந்திருக்கிறான். மறுநாளே அவனுக்கு பி.ஏ. ஆகிறாள். அந்த நிறுவனம் எதைத் தயாரிக்கிறது, அவள் நாள் முழுவதும் என்ன செய்கிறாள், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வருகிறது, விடுதிக்குக் கட்டியதுபோக ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறாள் என்பதெல்லாம் கதைக்குள் வருவதில்லை. அப்பா வாங்கிய கடனோ தம்பியின் கல்லூரிக் கட்டணமோதான் பெரும்பாலும் கதையைத் தொடங்கி வைக்கிறது. ஆனால் அதை அவளுடைய சம்பளம் அடைப்பதில்லை, நாயகன் ஒரே காசோலையில் அடைத்துவிடுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டாளா இல்லையா என்பதைக்கூடப் பல கதைகள் சொல்வதில்லை.

இதை நான் தகவல் பிழையாகப் பார்க்கவில்லை. காதலையே பாதிக்கும் குறையாகத்தான் பார்க்கிறேன். மாத வாடகையைத் தானே கட்ட முடிந்தவள் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும் என்பதால்தான் அவள் சொல்லும் 'சரி'க்குப் பொருள் இருக்கிறது. அந்த வழியை அடைத்துவிட்டு, மிரட்டித் தாலி கட்டும் ஆன்டி ஹீரோவை நாற்பதாவது அத்தியாயத்தில் அவள் நேசிக்கத் தொடங்குகிறாள் என்று எழுதும்போது, அது நேசமா, போக்கிடம் இல்லாத நிலையா என்று வாசகிக்குத் தெரிவதில்லை.

பணத்தை எழுதினால் காதல் கதையின் சுவை கெட்டுவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நிதி இதழியலிலிருந்து நாவலுக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சோஃபி கின்செல்லா, 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஷாப்பஹாலிக் வரிசையின் முதல் நாவலில், ஊருக்கெல்லாம் சேமிப்பைப் பற்றி எழுதிவிட்டுத் தன் கிரெடிட் கார்டு கடனைக் கண்டு ஒளியும் பெண்ணை நாயகியாக்கி, வங்கியிலிருந்து அவளுக்கு வரும் கடிதங்களையும் அத்தியாயங்களுக்கு இடையே வைத்தார். அந்தக் காதல் கதையை உலகெங்கும் விரும்பித்தான் வாசித்தார்கள். நம் நாவலாசிரியர் லட்சுமியோ மருத்துவ மாணவியாக இருந்தபோது விகடனில் எழுதிக் கிடைத்த பணத்தைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர். ஒரு பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் அவள் வாழ்க்கையில் எதையெல்லாம் மாற்றும் என்பதற்கு அவரே சாட்சி.

2019-20 ஆண்டுத் தொழில்துறைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பேருந்தில் விடுதிக்குத் திரும்பும் பெண்ணும், திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணும் காதலிக்கிறார்கள். நைட் ஷிஃப்டுக்கும் பகல் ஷிஃப்டுக்கும் மாறி மாறிப் போகும் இருவர் எப்போதுதான் சந்தித்துப் பேசுவார்கள் என்பதே ஒரு நாவலுக்குப் போதுமான சிக்கல். ஆயினும் நம் தொடர்களின் நாயகர்களுக்குத் தொழிற்சாலை சொந்தமாக இருக்கிறதே தவிர, அங்கே மெஷினில் நிற்கும் பெண் நாயகியாவது அரிது.

இணையத்தில் எழுதும் பெண்களில் பலர் தாங்களே வேலைக்குப் போகிறவர்கள். அப்ரைசலில் தன் உழைப்பு இன்னொருவர் பெயரில் போவதும், கர்ப்பத்தை மேலாளரிடம் எந்த மாதத்தில் சொல்வது என்ற கணக்கும் அவர்களுக்குத் தெரியாதவையல்ல. அடுத்த யூடி (தொடரின் புதிய அத்தியாயம்) எப்போது என்று அவர்களிடம் கேட்கும் வாசகிகளுக்கும் அது தெரியும். அவற்றையும் எழுதுங்கள் என்று அவர்களை உரிமையோடு கேட்கிறேன். நாயகியின் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் அவள் தனக்கென்று என்ன வாங்கிக்கொண்டாள் என்பதிலிருந்தே தொடங்கலாம்.