ஆள் பற்றாக்குறை காரணமாகாது

"இரவில் ஆள் குறைவென்றால் நோயாளியின் கையைக் கட்டிலோடு கட்டச் சட்டமே அனுமதிக்கிறது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. மனநலச் சிகிச்சை நிலையங்களைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே கட்ட இடமளிக்கிறது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாக்கிக் கட்டக் கூடாது என்றும் அதுவே வெளிப்படையாகச் சொல்கிறது. பொது வார்டில் கட்டிவைத்தால் முதியவர்கள் விழமாட்டார்கள் என்பதும் சரியல்ல: மனக்குழப்பத்தில் இருப்பவர் கட்டோடு போராடி மேலும் கலங்குவார், படுக்கைப்புண்ணும் வரலாம். நீலகிரியில் ஒரு மருத்துவமனையில் என் தாயாரின் கட்டை அவிழ்த்து, கழிவறைக்கு அழைத்துச் சென்று, கம்பளியைப் போர்த்திய பிறகே அவர் உறங்கினார். குளிரில் நடுங்கியபடி அவர் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான்.